ஜப்பானின் பழைய கடலோரப் போஸ்டர்கள்: வரைந்தவர் எங்கே நின்றார்?

பழைய ஜப்பானியப் பயணப் போஸ்டர்கள் நாலைந்தை ஒன்றாக வைத்துப் பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கடல்தான் இருக்கிறது. மேல் மூலையிலிருந்து ஒரு பைன் மரக்கிளை சரிந்து இறங்கும். கீழே கருநீலமாகத் தொடங்கும் தண்ணீர், தொடுவானத்தை நெருங்க நெருங்க வெளிறிப்போகும். தூரத்தில் இரண்டு மூன்று வெள்ளைப் பாய்மரங்கள். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீருக்குள் நிற்கும் சிவப்புத் தோரி வாசல், அதாவது ஷின்டோ கோயிலின் நுழைவாயில். மீன் நாற்றம், வலை காயப்போடும் மூங்கில், கரையில் கிடக்கும் குப்பை எதுவும் கிடையாது.

இன்று இவற்றைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். அன்று இவை ரயில் நிலையச் சுவரிலும் கப்பல் கம்பெனி அலுவலகத்திலும் ஒட்டப்பட்டு, சீசன் முடிந்ததும் கிழித்துப்போடப்பட்ட தாள்கள். கடலை யாரும் விற்க முடியாது. விற்க முடிந்தது அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் டிக்கெட்டைத்தான். அதனால் இந்தப் போஸ்டர்களைப் பார்க்கும்போது அழகை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். காசு கொடுத்தது யார்? வரைந்தவர் எங்கே நின்றார்? இரண்டாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே இருக்கும்.

எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதை ஜப்பான் போஸ்டருக்கு வெகு காலம் முன்பே முடிவு செய்திருந்தது. 'ஜப்பானின் மூன்று காட்சிகள்' என்று ஒரு பட்டியல் உண்டு. 1643இல் ஹயாஷி காஹோ என்ற அறிஞர் எழுதிய நூலிலிருந்து அந்த வழக்கம் வருகிறது. மட்சுஷிமா விரிகுடாவின் தீவுக்கூட்டம், அமனோஹஷிதாதே மணல்திட்டு, மியாஜிமா தீவு. மூன்றுமே கடற்கரை இடங்கள். மலைகள் நிறைந்த நாட்டில் மூன்றுக்கு மூன்றும் கடலுக்குப் போனது வேடிக்கைதான். அமனோஹஷிதாதே என்ற பெயருக்கு வானத்துப் பாலம் என்று பொருள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும், பைன் மரம் மண்டிய மணல்பட்டை அது. குன்றின்மேல் ஏறி, அதற்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பார்த்தால் கடல் வானமாகவும் மணல்பட்டை வானத்தில் தொங்கும் பாலமாகவும் தெரியும். அதற்கென்றே அங்கே மேடை இருக்கிறது. வேட்டி கட்டிய பெரியவர் யாரும் செய்யத் துணியாத காரியம். அங்கே பாட்டி முதல் பேரன் வரை வரிசையில் நின்று செய்கிறார்கள்.

ஓவிய மரபும் கையில் இருந்தது. 1830களில் ஹிரோஷிகே தொக்காய்தோ நெடுஞ்சாலையின் ஐம்பத்து மூன்று தங்குமிடங்களை மரச்செதுக்கு அச்சில் வரைந்து புகழ்பெற்றார். ஐரோப்பாவிலிருந்து வந்த பிரஷ்ய நீலம் அப்போதுதான் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அச்சுப் பலகையை ஈரமாக்கி, ஒரு ஓரத்தில் மட்டும் மையைத் தடவித் தூரிகையால் இழுத்தால், கருநீலத்தில் தொடங்கி ஒன்றுமில்லாமல் கரைந்துபோகும் ஒரு பட்டை கிடைக்கும். 'பொக்காஷி' என்பார்கள். போஸ்டரில் வெளிறிக்கொண்டே போகும் கடல் இதுதான். லித்தோ கல்லிலும் ஆப்செட் தகட்டிலும் அச்சிட்டாலும் பழைய மரப்பலகையின் சாயலை விட மனசு வரவில்லை. அது மட்டுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் போஸ்டர் ஓவியர்கள் தட்டையான நிறங்களையும் அழுத்தமான கோடுகளையும் ஜப்பானிய அச்சுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் ஜப்பானிய இளைஞர்கள் பாரிஸுக்குப் போய் அதையே 'நவீன பாணி' என்று கற்றுத் திரும்பினார்கள். சத்தோமி முனெட்சுகு அப்படிப் போனவர். அரசு ரயில்வேக்காக 1937இல் அவர் செய்த போஸ்டரில், ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோல் தந்திக் கம்பங்கள் சாய்ந்து பறக்கின்றன. வரைந்தவர் நிற்கவே இல்லை, ரயிலில் உட்கார்ந்திருக்கிறார். ரயில்வே தன் பணத்துக்கு வாங்கிய காட்சி என்று இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது.

சரி, மக்கள் ஏன் கடலுக்குப் போனார்கள்? முதலில் போனது மருந்துக்காக. 1885இல் இராணுவ மருத்துவரான மட்சுமோட்டோ ஜுன், டோக்கியோவுக்குத் தென்மேற்கே ஓயிசோ என்ற ஊரில் கடல் குளியலிடம் ஒன்றைத் தொடங்கினார். உப்பு நீரும் அலையின் அடியும் உடம்புக்கு நல்லது என்பது அவர் வாதம். நீச்சல் யாருக்குத் தெரியும்? கடலுக்குள் அடித்து நட்ட இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அலையை வாங்கிக்கொள்வார்கள். 1887இல் ரயில் பாதை ஓயிசோ வழியாக நீண்டது. அத்தோடு மருந்து மெல்ல மறைந்து பொழுதுபோக்கு வந்து உட்கார்ந்தது. அரசியல் பெரும்புள்ளிகள் அங்கே பங்களா கட்டினார்கள். கமகுரா, சுஷி, எனோஷிமா என்று பக்கத்து ஊர்களும் கோடையில் நிரம்பின.

இங்கே தனியார் ரயில் கம்பெனிகளின் கணக்கைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். வேலைநாளில் ஊழியர்களை நகரத்துக்குள் கொண்டுவரும் ரயில், ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடும். அதை நிரப்ப வண்டியின் மறுமுனையில் ஏதாவது இருக்க வேண்டும். கோயில், வெந்நீர் ஊற்று, பூந்தோட்டம், கடற்கரை. ஓசாகாவில் நான்காய் ரயில்வே ஹமாதெரா கடற்கரையை இப்படித்தான் வளர்த்தது. 1906இல் ஒரு பெரிய செய்தித்தாள் நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே குளியலிடம் திறந்தார்கள். அடுத்த வருடம், டோக்கியோ நிலையத்தைக் கட்டிய அதே தத்சுனோ கிங்கோவின் அலுவலகம் வடிவமைத்த மரக்கட்டடம் ஒன்று ரயில் நிலையமாக அங்கே எழுந்தது. உள்நாட்டு மக்களுக்கான கோடைப் போஸ்டர்களில் 1920, 30களில் நீச்சலுடை அணிந்த இளம்பெண்ணும் குடையும் பந்தும் கட்டணச் சலுகையும் இருக்கும். பைன் கிளையெல்லாம் பின்னால் போய்விடும். அயல்நாட்டாருக்கான போஸ்டரில் இது நேர் எதிர். அங்கே பாய்மரமும் தோரி வாசலும்தான் வந்து நிற்கும், நீச்சலுடைக்கு இடமில்லை. ஒரே கடல், இரண்டு வாடிக்கையாளர்கள்.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு செத்தோ உட்கடல் நல்ல உதாரணம். ஹோன்ஷு, ஷிக்கோக்கு, கியூஷு ஆகிய பெருந்தீவுகளுக்கு நடுவே சிறு தீவுகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கும் நீர்ப்பரப்பு அது. இன்று ஜப்பானின் கடலழகு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவரை அந்தக் கடல் முழுவதற்குமாக மக்கள் புழங்கிய ஒற்றைப் பெயர் இல்லை. ஹரிமா கடல், பிங்கோ கடல், இயோ கடல் என்று துண்டு துண்டாகத்தான் சொன்னார்கள். படகோட்டிக்கு அது போதும். நீராவிக் கப்பலின் மேல்தளத்தில் நின்று ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சில் கடந்துபோன வெளிநாட்டுப் பயணிகளின் கண்ணுக்கு அது ஒரே கடலாகத் தெரிந்தது. அவர்கள் அதை உட்கடல் என்று அழைத்தார்கள். ஜெர்மன் புவியியலாளர் ரிக்தோஃபென் புகழ்ந்தார். 1872இல் தாமஸ் குக் தன் உலகச் சுற்றுலாக் குழுவோடு கடந்துபோய்ப் புகழ்ந்தார். அந்தப் பெயரே மெய்ஜி காலத்தில் (1868–1912) ஜப்பானிய மொழிக்குள் வந்து நிலைத்தது. பழைய கவிதைகள் பாடியது கரையிலிருந்து பார்த்த ஒவ்வொரு முனையையும் துறையையும். போஸ்டர்கள் காட்டியது கப்பல் தளத்திலிருந்து பார்த்த தீவுக்கூட்டத்தை. வரைந்தவர் நின்ற இடம் மாறியதும் கடலே மாறிவிட்டது.

கப்பல் தளம் யாருடையது? பெரும்பாலும் ஓசாகா ஷோசென் கம்பெனியுடையது. 1912இல் அவர்கள் 'குரெனாய் மாரு' என்ற கப்பலை ஓசாகாவிலிருந்து கியூஷுவின் பெப்பு நகருக்கு விட்டார்கள். பெப்பு வெந்நீர் ஊற்றுகளின் ஊர். அங்கே அபுரயா குமஹாச்சி என்று ஒரு மனிதர் விடுதி நடத்தினார். அரிசி வியாபாரச் சூதில் சொத்தை இழந்து, அமெரிக்கா போய்த் திரும்பி, ஊர் விளம்பரத்தையே தன் தொழிலாக்கிக்கொண்டவர். 'மலை என்றால் புஜி, கடல் என்றால் செத்தோ, வெந்நீர் என்றால் பெப்பு' என்று ஒரு வரியைச் செய்தார். அதைத் தன் ஊரில் மட்டும் எழுதி வைக்காமல், 1925இல் புஜி மலைக்கே கொண்டுபோய்க் கம்பம் நட்டார். அந்த வரியின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். புஜியை யாரும் மறுக்க முடியாது. செத்தோவைக் கப்பல் கம்பெனி ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் பின்னால் நைசாகத் தன் ஊரைச் செருகிவிட்டார். 1928இல் அவருடைய பேருந்துகளில் பெண் வழிகாட்டிகள் ஏறிச் செய்யுள் நடையில் ஊரைப் பற்றிச் சொன்னார்கள். இன்றும் பெப்பு ரயில் நிலையத்துக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் சிலையாக நிற்கிறார்.

பெப்புவையும் செத்தோவையும் தாளில் விரித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் யோஷிதா ஹட்சுசபுரோ. 1913இல் ஓசாகா–கியோட்டோ ரயில் பாதைக்கு அவர் வரைந்த வழிகாட்டிப் படத்தை இளவரசர், அதாவது பிற்காலப் பேரரசர் ஹிரோஹித்தோ, பாராட்டினார் என்பதிலிருந்து அவர் ஏறுமுகம் தொடங்கியது. 'தைஷோ காலத்து (1912–1926) ஹிரோஷிகே' என்று அழைக்கப்பட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்திருக்கிறார். பறவைப் பார்வை என்று சொல்வார்களே, அந்த வகை. ஆனால் எந்தப் பறவையாலும் அப்படிப் பார்க்க முடியாது.

ஒரு படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தால் தெரியும். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் நீளத் தாள். நடுவில் எந்த ஊர் காசு கொடுத்ததோ அது பெரிதாக உட்கார்ந்திருக்கும். ரயில் பாதை அழுத்தமான சிவப்புக் கோடு. நிலையங்கள் சின்னப் பெட்டிக்குள் பெயராக. விடுதிகளின் கூரைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். கடலில் கப்பல் போகும் தடம் மெல்லிய கோடாக வளையும். இரண்டு ஓரங்களும் கிண்ணம்போல் மேல்நோக்கி வளைந்து, நாட்டின் மற்ற பகுதிகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வரும். கியூஷுவின் ஒரு குளியல் ஊரைக் காட்டும் படத்தில் தொடுவானத்தில் புஜி மலை தலைகாட்டும், அதற்கும் அப்பால் டோக்கியோ, சில சமயம் கொரியா, தைவான்கூட. பொய்தான். ஆனால் பயணியின் மனசிலுள்ள பூகோளம் இதுதானே? போகவேண்டிய ஊர் பெரிது, வீடு எங்கோ ஓரத்தில், நடுவில் சிவப்பாக ஒரு பாதை.

1927இல் நடந்த ஒரு கூத்து இந்தப் பித்து எவ்வளவு முற்றியிருந்தது என்பதைக் காட்டும். ஓசாகாவிலும் டோக்கியோவிலும் வெளியான இரண்டு சகோதரச் செய்தித்தாள்கள், ரயில்வே அமைச்சகத்தின் ஆதரவோடு, 'ஜப்பானின் புதிய எட்டுக் காட்சிகள்' என்ற போட்டியை அறிவித்தன. கடற்கரை, மலை, ஏரி, ஆறு, அருவி என்று எட்டுப் பிரிவுகள். வாசகர்கள் அஞ்சலட்டையில் வாக்களிக்க வேண்டும். வந்து குவிந்தவை சுமார் 9 கோடியே 30 லட்சம் அட்டைகள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 6 கோடிதான். ஊர் ஊராகச் சங்கம் வைத்து அட்டை வாங்கி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வெந்நீர் ஊற்றுப் பிரிவில் பெப்பு வென்றது. அபுரயா இருக்கும்போது வேறென்ன நடக்கும்! கடற்கரைப் பிரிவில் நடுவர் குழு கடைசியில் தேர்ந்தெடுத்தது ஷிக்கோக்குவின் தென்கிழக்கு மூலையில் பாறையும் புயலுமாக நிற்கும் முரோத்தோ முனையை. அங்கே ரயில் கிடையாது. இன்றுவரை கிடையாது. ரயில்வே அமைச்சகத்தில் அன்று யார் முகம் எப்படிப் போயிற்றோ.

1930க்குப் பிறகு ஆட்டம் பெரிதாகிறது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் பட்டு ஏற்றுமதி படுத்துவிட்டது, அந்நியச் செலாவணி வேண்டும். அந்த ஆண்டு ரயில்வே அமைச்சகத்தின் கீழ் பன்னாட்டுச் சுற்றுலா வாரியம் அமைக்கப்பட்டது. 1912இலிருந்தே ஜப்பான் டூரிஸ்ட் பியூரோ இருந்தது என்றாலும், அரசு தன் பணத்தில் நேரடியாகப் போஸ்டர் அடித்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பத் தொடங்கியது இப்போதுதான். மரச்செதுக்கு அச்சில் பெயர்பெற்ற கவாசே ஹசுய் போன்றவர்களின் படங்களும் இதற்குப் பயன்பட்டன. போஸ்டரைப் பார்த்து வருகிறவர்கள் தங்க வேண்டுமே. அரசுக் கடனில் ஊர் ஊராக விடுதிகள் எழுந்தன. 1934இல் கமகோரியில் கட்டிய விடுதி, கோட்டைக் கூரையும் உள்ளே மேல்நாட்டுக் கட்டிலுமாக, எதிரே கடலிலிருக்கும் தக்கேஷிமா தீவைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. கட்டடமே ஒரு போஸ்டர்போல இருக்கும். அதே 1934 மார்ச்சில் செத்தோ உட்கடல் நாட்டின் முதல் தேசியப் பூங்காக்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 1936இல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 42,000க்கு மேல். இன்றைய கணக்கில் அற்பம், அன்றைக்குக் கப்பலில் வாரக்கணக்கில் வந்தவர்கள்.

இந்தக் காலத்து அயல்நாட்டுப் போஸ்டர்களில் மியாஜிமாவின் தோரி வாசல் திரும்பத் திரும்ப வரும். இப்போதுள்ள வாசல் 1875இல் எழுப்பப்பட்டது, 16 மீட்டருக்கு மேல் உயரம். தண்ணீரில் மிதப்பதுபோல் தெரியும். ஆனால் நாளுக்கு இரண்டுமுறை கடல் வற்றும். அப்போது சேற்றில் நடந்துபோய் அதன் காலைத் தொட்டுப் பார்க்கலாம், தூணில் ஒட்டிய சிப்பிகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். உள்ளூர்க்காரர்கள் அந்தச் சேற்றில் கிளிஞ்சல் பொறுக்குவார்கள். நான் பார்த்த எந்தப் போஸ்டரிலும் வற்றம் இல்லை. அங்கே எப்போதும் ஏற்றம்தான்.

பைன் மரமும் அப்படித்தான். 'வெண்மணல், பச்சைப் பைன்' என்பது ஜப்பானியக் கடற்கரைக்கு ஒரு மறுபெயர். இயற்கை தந்த கொடை என்று போஸ்டர் சொல்லும். உண்மையில் பல இடங்களில் அது நட்டு வளர்த்த வேலி. கடற்காற்றில் பறந்து வரும் மணலும் உப்பும் வயலைக் கெடுக்காமலிருக்க, கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகக் கரும்பைன் நட்டார்கள். வடகிழக்குக் கடலோர ஊரான ரிக்குசென்தகாத்தாவில் அப்படி வளர்ந்த சுமார் 70,000 மரங்களில், 2011 சுனாமிக்குப் பிறகு நின்றது ஒன்றே ஒன்று.

வற்றமும் வேலியும் விளம்பரத்தில் விட்டுப்போனவை, பெரிய பாவமில்லை. சட்டப்படி மறைக்கப்பட்டவை வேறு. 1899இலேயே கோட்டைப் பகுதிச் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. துறைமுகம், நீரிணை, கடற்படைத் தளம் இருக்கும் கரைகளில் அனுமதியின்றி வரையவோ படம் பிடிக்கவோ கூடாது. அழகான கரைகளும் பீரங்கி வைக்க வசதியான கரைகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அதனால் பல சுற்றுலாப் படங்களின், அஞ்சலட்டைகளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்ன கோட்டைத் தலைமையகத்தின் அனுமதி பெற்றது என்று. பழைய தாள் கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். செத்தோவின் நடுவே ஒகுனோஷிமா என்று ஒரு சின்னத் தீவு. 1929 முதல் அங்கே இராணுவம் நச்சுவாயு தயாரித்தது. வரைபடங்களிலிருந்து தீவையே எடுத்துவிட்டார்கள். கரையோர ரயிலில் அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தச் சொன்ன காலமும் உண்டு. சுற்றிலும் தேசியப் பூங்கா, வெள்ளைப் பாய்மரம், நடுவில் இல்லாத ஒரு தீவு. 1940 டோக்கியோ ஒலிம்பிக் கைவிடப்பட்டது, 1942இல் சுற்றுலா வாரியமும் மூடப்பட்டது. ஹட்சுசபுரோ போருக்குப் பிறகு ஹிரோஷிமாவுக்குப் போனார். அதே பறவைப் பார்வையில், அதே வளைந்த தொடுவானத்தோடு, அணுகுண்டு விழுந்த நகரத்தை வரைந்தார்.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். செத்தோவின் பாய்மரப் படகுகளை 1926இல் ஒரே பலகைகளில் விடியல், மாலை, இரவு, மூடுபனி என்று நிறம் மாற்றி மாற்றி அச்சிட்ட யோஷிதா ஹிரோஷி (ஹட்சுசபுரோவுக்கு உறவில்லை) 1930களின் தொடக்கத்தில் இந்தியா வந்தவர். மதுரைக் கோயிலையும் அச்சாக்கியிருக்கிறார். அவருடையவை போஸ்டர்கள் அல்ல, ஓவிய அச்சுகள். இணையத்தில் விற்பவர்கள் இரண்டையும் குழப்புவார்கள், கவனம். போஸ்டரின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. குறுக்காக எழுதிய ஜப்பானிய எழுத்து வலமிருந்து இடமாக ஓடினால் போருக்கு முந்தையது. அரசு ரயில்வே என்று இருந்தால் 1949க்கு முன். அந்த ஆண்டு ஜூனில்தான் அது ஜப்பான் தேசிய ரயில்வே ஆனது. சுற்றுலா வாரியத்தின் பெயர் இருந்தால் 1930க்கும் 1942க்கும் இடையே.

போருக்குப் பிந்தைய கதை சுருக்கம். தெற்கே மியாசாக்கியில் பேருந்துக் கம்பெனி நடத்திய இவாகிரி ஷோத்தாரோ, கடலோரச் சாலையில் கேனரி ஈச்ச மரங்களை நட்டு அதை வெப்பமண்டலம்போல் ஆக்கினார். 1960களில் புதுமணத் தம்பதிகள் கூட்டம் கூட்டமாக அங்கே இறங்கினார்கள். போஸ்டரை வரைவதற்குப் பதில் கரையையே போஸ்டராக மாற்றிவிட்டார் மனிதர். 1970இல் தேசிய ரயில்வே தொடங்கிய 'டிஸ்கவர் ஜப்பான்' போஸ்டர்களில் இடமே தெளிவாகத் தெரியாது. கலங்கலான புகைப்படம், அதில் நடந்துபோகும் இளம்பெண்கள். எந்த ஊர் என்று சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று, பயணமே சரக்கு.

இதற்குள் செத்தோவின் கரைகளில் எண்ணெய்த் தொட்டிகளும் எஃகு ஆலைகளும் வந்துவிட்டன. 1972இல் ஹரிமா கடலில் செந்நிற நீர்ப்பாசி பொங்கி, வளர்ப்பு மீன்கள் சுமார் 1 கோடியே 40 லட்சம் செத்து மிதந்தன. அதன் பிறகுதான் அந்தக் கடலுக்கென்று தனிச்சட்டம் வந்தது.

ஓசாகாவின் ஹமாதெராவில் 1960களில் கரைக்கு முன்னால் கடலைத் தூர்த்துத் தொழிற்பேட்டை அமைத்தார்கள். பைன் தோப்பு அப்படியே இருக்கிறது. அதன் முன்னே மணல் இல்லை, ஒரு கால்வாய் ஓடுகிறது. கால்வாய்க்கு அப்பால் ஆலைகள். குளிக்க வருகிறவர்களுக்காக 1907இல் கட்டிய அந்த மர ரயில் நிலையத்தையும் இடிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கடல் போன பிறகு, பூங்காவுக்குள் பைன் மரங்களுக்கு நடுவே பெரிய நீச்சல் குளம் ஒன்று கட்டினார்கள்.